விசாரணைக் கமிஷன் உண்டியல் தூக்கிய கதை

சந்தை வாசலில் உண்டியல் குலுக்குகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் விசாரணைக் கமிஷன். தூரத்தில் அவர் தலை தெரிந்தாலே ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள்.

"வருது பாரு கமிஷன். இன்னிக்கு நீ பதில் சொல்லு, நேத்து நான் மாட்டினேன்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளில் பாதியை அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், கிரீஸ் வாடை அடிக்கும் இயந்திர அறைகளில் கழித்தவர். அந்த வேலையில் ஏறக்குறைய என்பது கிடையாது. கதவு பூட்டியிருக்கிறது, அல்லது பூட்டவில்லை. தெருவையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

உண்டியல் அவர் முன்னால் நீண்டதும் நின்றுவிடுவார்.

"யாருக்கு? இல்லம் எங்க இருக்கு? நீங்க சம்பளத்துக்கு நிக்கறீங்களா, சும்மாவா? நான் போடற காசுல எவ்வளவு அங்க போய்ச் சேரும்?"

பதில் வரும் வரை நகரமாட்டார். வந்ததும் ஒரே தீர்ப்பு. "திருப்தி இல்ல. போடல."

மற்றவர்கள் சட்டைப்பையைத் தட்டிக் காட்டி, சில்லறை இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அவர் மனைவி நேரெதிர். மருந்துக்கடையில் பில் போடுகிறவள். வேலை முடிந்து வரும் வழியில் கேட்ட கைக்கெல்லாம் போட்டுவிடுவாள். இருவரும் சேர்ந்து சந்தைக்குப் போனால் வழி நெடுகச் சண்டைதான்.

"அவன் முழியைப் பாத்தியா? திருட்டு முழி."

"முழியைப் பாத்துப் போட நான் என்ன கண் டாக்டரா?"

"உன் காசை வாங்கிட்டு அவன் சினிமாவுக்குப் போவான்."

"போகட்டுமே. படம் நல்லா இருந்தா சரி."

இந்தச் சண்டை அலுத்துப்போய் அவள் பொய் சொல்லத் தொடங்கினாள். இன்னிக்கு யாருக்காவது போட்டியா என்று கேட்டால், "இல்லையே" என்பாள், காயைக் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல். அவருக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அவர்களுடைய ஒரே மகள், மின்பொறியாளர், ஒருமுறை சாப்பிடும்போது சொன்னாள்: "உங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டு அரைச்சிருந்தா ஒரு நல்ல மனுஷன் வந்திருப்பாரு."

மழைக்காலம் முடிவதற்குள் மனைவி போய்விட்டாள். காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். வேலை செய்யும் ஊரிலிருந்து மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கட்டிய முன்பணத்தில் செலவாகாமல் மிஞ்சியதை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அவர் அதைப் பிரிக்காமல் அலமாரியில் அவள் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். வாசலில் அவள் செருப்பு கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துத்தான் சந்தைக்குப் போனார். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஆள் ஒருவர் உண்டியலோடு எதிரே வந்தார். எல்லோரும் அவரை ஆரஞ்சு என்றே கூப்பிடுவார்கள். நடக்க முடியாதவர்களுக்கான ஒரு இல்லத்துக்கு வசூல் செய்கிறவர். உண்டியலை நீட்டவில்லை.

"அண்ணே, அக்காவைக் காணோமே?"

"இறந்துட்டா."

ஆரஞ்சு தொப்பியைக் கழற்றினார். பிறகு தயங்கித் தயங்கி, "அப்ப... லிஃப்ட்?" என்றார்.

"என்ன லிஃப்ட்?"

"அக்கா உங்ககிட்ட சொல்லலையா? எங்க இல்லத்து லிஃப்ட் ரொம்பப் படுத்துதுன்னு ஒரு நாள் புலம்பினேன். 'எங்க வீட்டுக்காரர் வந்து பாப்பாரு, அவர் கை பட்டா ஓடும், நல்ல நேரம் பாத்து அவர்கிட்ட சொல்றேன்'னாங்க. மேல்மாடியில இருக்கறவங்ககிட்டயும் நான் சொல்லிட்டேன். அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் காய் வாங்காமலே வீடு திரும்பினார். காசைப் போட்டாள், போகட்டும். இப்போது புருஷனையே தூக்கி உண்டியலில் போட்டிருக்கிறாள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அன்று மாலை மகளிடம் ஃபோனில் கத்தினார்.

"அப்பா, வாக்கு நீங்க கொடுக்கல. விட்டுடுங்க."

"அவ பொய்க்காரி ஆயிடுவாளே."

"அம்மா சொல்லாத பொய்யா?"

"என்கிட்ட சொன்னா. வெளியில யார்கிட்டயும் சொன்னதில்ல."

"அப்ப கருவிப் பையை மறக்காம எடுத்துட்டுப் போங்க," என்றாள் மகள்.

விடுமுறை நாளில் கருவிப் பையோடு போனார். அப்படி ஒரு இல்லமே இருக்காது என்று உள்ளூர ஒரு ஆசை. இருந்தால்தானே வாக்கு. ஆனால் இருந்தது. காரை பெயர்ந்த பழைய மாடிக் கட்டடம். ஆரஞ்சு வாசலிலேயே நின்றிருந்தார். செயலாளர் ஓடி வந்து கை கொடுத்தார்.

"லிஃப்ட் ஓடுதுங்க. அப்பப்ப கோவிச்சுக்கும், அவ்வளவுதான்."

லிஃப்டுக்குள் சக்கர நாற்காலியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பஸ் கண்டக்டராக வேலை பார்த்தவள். இரண்டு காலும் விழுந்துவிட்ட பிறகு மேல்மாடியில் இருக்கிறாள். சாயங்காலமானால் கீழே இறங்கி, எதிரே உள்ள டீக்கடைக்குப் போய்வருவதுதான் அவளுக்கு உலகம்.

"நீங்கதான் அவங்க வீட்டுக்காரரா? ரைட், ரைட். மேல போலாம்," என்றாள்.

அவர் ஏறியதும் பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் கிளம்பியது. வெளிக்கதவு சாத்தவே இல்லை.

அவர் பாய்ந்தார். எட்டி அவசர நிறுத்தத்தைக் குத்தி, அவளை வெளியே இறக்கிவிட்டு, இயந்திர அறைக்கு ஏறினார். அங்கே காரணம் கிடைத்தது. எல்லா மாடியிலும் கதவு பூட்டினால்தான் லிஃப்ட் நகர வேண்டும். பூட்டுகள் தேய்ந்துபோய் அது அடிக்கடி நின்றிருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் விரல் நீள வயரைக் குறுக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கதவெல்லாம் பூட்டியிருக்கிறது என்று வயர் பொய் சொன்னது. லிஃப்ட் நம்பியது.

வயரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். லிஃப்ட் நின்றது. நின்றது நின்றதுதான்.

"சார், ஓடிட்டிருந்ததை நிறுத்திட்டீங்களே!" செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாலு கதவுக்கும் பூட்டு மாத்தணும். மாத்தாம ஓட்டக் கூடாது."

"அந்த வயரை மட்டும் திரும்பப் போட்டுக் கொடுங்க. நாங்க பாத்துப் போய்க்கறோம்."

"மாட்டேன்."

கண்டக்டரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் வந்தாள். "லிஃப்ட்காரரே, உங்க சம்சாரம் ஓடும்னு சொன்னாங்க. நிக்கும்னு சொல்லல."

"கதவு திறந்திருக்கும்மா. குழிக்குள்ள விழுந்தா என்ன ஆகும்?"

"வாழ்நாள் பூரா ஃபுட்போர்டுல தொங்கினவ நான். இப்ப விழுந்தாத்தான் என்ன? நான் கீழ போகணும்."

இரண்டு பேர் அவளைத் தூக்கி மேலே கொண்டுபோகப் பார்த்தார்கள். "மூட்டையா நான்?" என்று எரிந்து விழுந்தாள். கடைசியில் மூட்டையாகத்தான் போனாள். மாடிப்படி வளைவில் திரும்பும்போது அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உதவி செய்ய வந்தார். வந்து, ஓடுவதையும் நிறுத்திவிட்டார். எரிச்சல் முழுவதும் செயலாளர் மேல் திரும்பியது.

"உண்டியல்ல வர்ற காசெல்லாம் எங்கய்யா போகுது?"

"பாதி நிக்கறவங்களுக்கு," என்றார் செயலாளர். மறைக்கவே இல்லை. "வெயில்ல மழையில நிக்கறாங்க, அவங்களுக்கும் வயிறு இருக்கு. மீதி மருந்துக்கே பத்தல."

இத்தனை வருஷமாகத் தெருவில் அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு முதல் தடவையாக நேரான பதில் கிடைத்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"இதைத் தெருவுல சொல்றதுக்கென்ன?"

"சொன்னா யார் சார் போடுவாங்க?"

"நான் சொல்லிக் கேக்கறேன். போடறாங்களா இல்லையான்னு பாருங்க."

இப்படித்தான் விசாரணைக் கமிஷன் ஆரஞ்சு மேல்சட்டை மாட்டிக்கொண்டு சந்தை வாசலில் நின்றது. வேலை முடிந்ததும் நேராக அங்கேதான். மற்ற வசூல்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒரு லிஃப்டுக்குக் கதவுப் பூட்டு வாங்கணும்," என்று நின்ற இடத்திலிருந்து சொல்வார். "அநாதைகள் இல்ல, குழந்தைகள் இல்ல. ஒரே ஒரு லிஃப்ட். உண்டியல்ல பாதி நிக்கறவங்களுக்குப் போயிடும்."

ஜனங்கள் ஒதுங்கி நடந்தார்கள். ஒருவர் சட்டைப்பையைத் தட்டி, "சில்லறை இல்லைங்க," என்றார்.

"சத்தம் கேக்குதே. மனசு இல்லைன்னு சொல்லுங்க, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

அந்த ஆளின் முகம் சிவந்துவிட்டது. விடுவிடுவென்று போய்விட்டார்.

"அண்ணே, நீங்க இப்படிப் பேசினா நாளைக்குச் சந்தையையே மூடிடுவாங்க," என்றார் ஆரஞ்சு.

"பொய்தானே சொல்றான்?"

"முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சம் அவங்களுக்கு. நாய் மாதிரி விரட்டறவங்களும் இருக்காங்க. அதுக்கு இது எவ்வளவோ மேல். நாங்க மரியாதைன்னு எடுத்துக்கறோம்."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பொய் பொய்தான். ஆனாலும் அடுத்து ஒருவர் பையைத் தட்டியபோது பேசாமல் இருந்தார். பேசாமல் இருப்பது உடம்பெல்லாம் அரித்தது.

உண்டியல் மெதுவாகக் கனத்தது. மெதுவாக என்றால் ரொம்ப மெதுவாக. இதற்கிடையில் ஆரஞ்சு தினமும் செய்தி கொண்டுவருவார். கண்டக்டரம்மா யாரோடும் பேசுவதில்லை. கண்டக்டரம்மா டீ வேண்டாம் என்கிறாள், வாங்கி வந்து கொடுத்தாலும். "அவங்களே போய்க் குடிச்சாத்தான் டீயாம்."

ஒரு மாலை, இரண்டு கையிலும் பாரமான பைகளோடு ஒரு பெண் அவர் முன்னால் நின்றாள். பைகளைக் கீழே வைத்தாள்.

"யாருக்கு?"

சொன்னார்.

"இடம் எங்க இருக்கு? நேர்ல போய்ப் பாக்கலாமா?"

வழி சொன்னார். அவருக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. கடைசியில் ஒரு மனுஷி!

"இதுல உங்களுக்கு எவ்வளவு?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்னுட்டேன்."

"சும்மா யாராவது நிப்பாங்களா?"

"என் மனைவி வாக்கு கொடுத்துட்டா. இப்ப அவ இல்ல." இரண்டாம் தடவை சொல்கிறார், அவ்வளவுதான். இன்னும் பழகவில்லை.

அந்தப் பெண் உண்டியலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நீங்க எவ்வளவு போட்டீங்க?"

வாயைத் திறந்தார். வேலையைப் போடுகிறேனே என்று சொல்லியிருக்கலாம். அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

"ஒண்ணும் போடல."

"அப்ப எனக்குத் திருப்தி இல்லைங்க," என்று பைகளைத் தூக்கிக்கொண்டாள். "போடல."

ஆரஞ்சுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல் அலமாரியைத் திறந்தார். துணிகளில் இன்னும் அவள் வாசனை. உறையை எடுத்தார். சம்பளக்காரனுக்கு அது சின்னத் தொகை இல்லை. மகள் அதை வங்கியில் போடச் சொல்லியிருந்தாள். அவர் போடவில்லை. அவளுக்குச் செலவழிக்கக் கட்டிய பணம் செலவாகாமல் நின்றுபோனதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"நல்ல நேரம் பாத்துச் சொல்றேன்னியாமே," என்று துணிகளைப் பார்த்துச் சொன்னார். "எப்பத்தான் பாத்த?"

பதில் சொல்லியிருப்பாள். உங்களுக்கு நல்ல நேரம்னு ஒண்ணு என்னிக்கு இருந்தது?

மறுநாள் உறையைப் பிரிக்காமலே செயலாளரிடம் கொடுத்தார். உண்டியலில் சேர்ந்ததோடு சேர்த்து பூட்டுகளுக்குச் சரியாக இருந்தது. பூட்டுகள் வந்ததும் ஒவ்வொரு கதவாக மாட்டினார். ஒவ்வொரு கதவையும் வேண்டுமென்றே திறந்துவைத்துப் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் அசையவில்லை. சாத்தினார். அசைந்தது. கீழே வந்து நிற்கும்போது தரைக்கு ஒரு நூல் உயரத்தில் நின்றது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. திரும்ப மேலே ஏறிச் சரிசெய்யக் கிளம்பினார்.

"அட, அதெல்லாம் போதும்," என்றது உள்ளிருந்து ஒரு குரல். கண்டக்டரம்மா எப்போது ஏறினாள் என்று தெரியவில்லை. தலை வாரி, வெளுத்த துணி உடுத்தி, முழங்கையில் பழைய தோல்பையை மாட்டியிருந்தாள்.

செயலாளர் கேமராவோடு வந்தார். "அக்கா பேர் போட்டு ஒரு பலகை மாட்டிடலாமா சார்?"

"வேண்டாம். ஓடும்னு சொன்னா. ஓடுது. அவ்வளவுதான்."

கண்டக்டரம்மாவின் நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்தார். டீக்கடை வாசலில் இரண்டு டீ வாங்கினார்கள். அவள் முதல் வாய் குடித்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது நீலச் சட்டை போட்ட யாரோ ஒருவர், இவர்களுக்குத் தெரியாதவர், உண்டியலை நீட்டினார். "அம்மா, கண் ஆஸ்பத்திரிக்கு..."

"சில்லறை இல்லப்பா," என்றாள் கண்டக்டரம்மா. இமைகூட அசையவில்லை. டீக்காசு போக மிச்சம் வாங்கிய சில்லறை அவள் மடியிலேயே கிடந்தது.

"மடியில என்னம்மா அது?" என்றார் அவர், தாங்கமாட்டாமல்.

"காலமெல்லாம் ஜனங்க என்கிட்ட சொன்னது. ஒரே ஒரு தடவை நான் சொல்லிப் பாக்கக் கூடாதா?"

நீலச்சட்டைக்காரர் சிரித்துவிட்டு நகரப் பார்த்தார். அவர் விடவில்லை. "நில்லுங்க. எந்த ஆஸ்பத்திரி? நீங்க சம்பளத்துக்கா நிக்கறீங்க..."

"டீ ஆறுது லிஃப்ட்காரரே. போடறதா இருந்தா முதல்ல போட்டுட்டு அப்புறம் கேளுங்க."

முறைத்தார். பையில் கைவிட்டார். இத்தனை நாளும் கூடவே வைத்திருந்த அந்த விரல் நீள வயர்தான் முதலில் அகப்பட்டது. அதை ஒதுக்கி, கிடைத்த காசை எடுத்துப் போட்டார். பிறகு கேள்விகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டார். அந்த ஆள் திக்கித் திணறி ஏதோ சொன்னார்.

"திருப்தி இல்ல," என்றார்.

காசு உள்ளே போயிருந்தது.