அடுப்புக்கு மேலே இருந்த இசைத்தட்டு

என் வீட்டுக்காரர் தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தார். தொண்ணூறுகளில் தோட்டம் கம்பெனி கைக்குப் போனபோது பழைய துரை மூட்டை கட்டினார். போகிற அன்று ஓர் இசைத்தட்டை இவர் கையில் கொடுத்தார். பாட்டுப் பெட்டியைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

"அடுப்பில்லாம சட்டியக் குடுத்த மாதிரியில்ல இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும் புள்ள. நான் நின்னு கேக்கிறத துரை பார்த்திருக்காரு. அதான் குடுத்தாரு."

அட்டையில் நான்கு வெள்ளைக்காரர்கள் மரவேலியில் சாய்ந்து நின்றார்கள். தாடி, பெரிய தொப்பி, முழங்கால் வரை தோல் சப்பாத்து. பின்னால் ஒரு குதிரை.

"யாருங்க இவங்க?"

"அமெரிக்காவில மாடு மேய்க்கிறவங்க பாட்டாம். அத இந்தப் பொடியனுக கிட்டாரு, டிரம் எல்லாம் வச்சுப் பாடுறானுக."

"மாடு மேய்க்கிறதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய தொப்பி?"

"அங்க வெயிலு. நம்ம அக்கரப்பத்தனை மாதிரி நனைஞ்சுக்கிட்டா மேய்க்கிறாங்க?"

அதைச் சாமி படம் இருக்கும் பலகையில் வைக்கப் போனார். தோல் சப்பாத்துக்காரர்களை முருகன் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டில் எல்லாமே பூஞ்சணம் பிடிக்கும். அதனால் கருவாடு, உப்பு, தீப்பெட்டி எல்லாம் அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணில்தான் இருக்கும். "இங்கன கெடந்தா ஈரம் அண்டாது" என்று இசைத்தட்டையும் அங்கேயே படுக்கவைத்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாங்கள் வேறு எப்படி ஒரு பொருளைக் காப்பாற்றுவோம்?

அந்தத் தட்டிலிருந்து ஒரு பாட்டை அவர் முனகிக்கொண்டே இருப்பார். சொல் கிடையாது, ராகம் மட்டும். வெங்காயம் நறுக்கும்போது, அடுப்பை ஊதி நிமிரும்போது, ஞாயிற்றுக்கிழமை சட்டை துவைக்கும்போது. கோயில் பஜனையில் வாயைத் திறக்காமல் கைமட்டும் தட்டுகிற மனிதர் அவர். வீட்டுக்குள் மட்டும்தான் பாட்டு.

ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மகள் கொழும்பில் துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். நான் விடிந்தால் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவேன், பொழுது சாய வருவேன். விளக்கேற்றித் தேவாரம் படிப்பேன். அதன்பிறகு வீட்டில் சத்தம் இருக்காது. அடுப்பை நானே ஊதி நிமிர்வேன். அப்போதுதான் அந்த முனகல் இல்லாதது தெரியும். அந்தப் பாட்டை ஒரு தரமாவது தட்டிலிருந்து கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை வந்தது. அது கேட்டால் அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் செட் போடுகிற அண்ணன் அக்கரப்பத்தனையில் இருந்தார். எல்லாம் கசெட்டுக்கு மாறிவிட்ட காலத்திலும் பழைய பாட்டுப் பெட்டி ஒன்றை அவர் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, தட்டைச் சேலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் அதை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"தங்கச்சி, இத அப்பளமாட்டம் சுட்டீங்களா?"

அடுப்புச் சூட்டில் தட்டு வளைந்திருந்தது. பெட்டியில் சுழன்றபோது அலை போல ஏறி இறங்கியது. ஊசி நிற்கவில்லை. இரண்டு சொல் பாடும், குதிக்கும், கரகரவென்று இழுக்கும். ஊசிக்கையின் மேல் ஒரு சில்லறைக் காசை வைத்துப் பார்த்தார். அப்போதும் துள்ளியது. தட்டின் நடுப்பகுதி மட்டும் வளையாமல் இருந்ததால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு மட்டும் முழுதாகக் கேட்டது. ஒருத்தன் கிட்டாருடன் மெல்லப் பாடினான். பின்னால் ஒரு தந்தி, வீணையை யாரோ இழுத்து அழவைத்த மாதிரி நீண்டுகொண்டே போனது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"இதுவா தங்கச்சி?"

"இல்லண்ணே."

திருப்பிப் போட்டார். "இது?"

"இதுவும் இல்லண்ணே."

"அப்ப நீங்களே பாடிக் காட்டுங்க. அந்தத் துள்ளுற எடத்தில எங்கயாச்சும் கெடக்கான்னு பார்ப்போம்."

வாயைத் திறந்தேன். வரவில்லை. சற்றுமுன் கேட்ட அந்த மெல்லிய பாட்டுத்தான் வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடியும் அதுவே.

"பரவால்ல, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார் அவர். நான் தட்டை மறுபடி சேலைத் துணியில் சுற்றினேன்.

அந்த வாரம் முழுக்க மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே அவர் ராகத்தைத் தேடினேன். ஒவ்வொரு தரமும் அந்த வெள்ளைக்காரன் வந்து குறுக்கே நின்றான். தட்டு போனது போகட்டும், என்னிடம் இருந்ததும் போய்விட்டதே என்று மனம் அடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் நின்று வேறொன்றும் கேட்கவில்லை. "அதை மட்டும் திருப்பிக் குடு தாயே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் டவுனில் உள்ள தொலைபேசிக் கடைக்கு அழைப்பு எடுப்பாள், நான் அங்கே போய்க் காத்திருப்பேன். அன்று சாப்பாடு, சம்பளம் எதையும் நான் விசாரிக்கவில்லை.

"அப்பா பாடுவாருல்ல, அதக் கொஞ்சம் பாடும்மா."

"என்னம்மா இது! கடையில ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். மெல்லப் பாடு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு முனகினாள். நான் மறுகாதைக் கையால் பொத்திக்கொண்டேன். மேலே ஏறி, ஓரிடத்தில் நின்று, கீழே வந்தது.

"இதானேம்மா?"

அந்த ஏறுகிற இடத்தில் அவர் இவ்வளவு இழுக்க மாட்டார் என்று பட்டது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேட்டுச் சரிபார்க்க எங்கள் இரண்டு பேரையும் தவிர யாரும் இல்லை.

"ஆமா சாமி, இதான். இன்னொருக்காப் பாடு" என்றேன்.