மலைப் பட்டியலும் டவுன் பட்டியலும்

கண் ஆஸ்பத்திரிச் சமையல்காரர்தான் அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தார். அவள் ஒரு நிமிடம் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. மலைக்குடியிருப்பிலிருந்து பிழைக்க இறங்கிவந்த பழங்குடிப் பெண். பதினோரு வருடமாக மூன்று மாடியையும் துடைப்பவள். அதில் ஆறு வருடமாகச் சர்க்கரை வியாதி வேறு.

அந்த மாதம் இடது கண்ணில் நூல் நூலாக ஏதோ மிதக்க ஆரம்பித்தது. தரையில்தான் அழுக்கு என்று நினைத்து, துடைத்த இடத்தையே நாலு தரம் துடைத்தாள்.

"தரை தேய்ஞ்சிடப் போகுது," என்று துப்புரவு மேஸ்திரி சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். அவர் போனதும் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள்; நூல்கள் மறைந்தன.

இரண்டாம் மாடிக் கோடி அறையில் கண்ணின் உள்ளே படம் பிடிக்கும் இயந்திரம் இருந்தது. மோவாய் வைக்கும் தாங்கியைத் தினமும் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதே அவள்தான். தனக்கும் ஒரு படம் எடுக்க முடியுமா என்று பதிவு மேசையில் கேட்டாள்.

"டவுன் பட்டியல்ல நீங்க வரமாட்டீங்க. உங்க ஆளுங்களுக்கு மலையிலயே கண் முகாம் போடுறாங்களேம்மா. அங்க போயிடு," என்றார் எழுத்தர்.

லீவு சொல்லி, இரண்டு பஸ் மாறிப் போனாள். முகாம் நர்ஸ் காகிதத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "உங்க முகவரி டவுன்ல இருக்கு. இந்தப் பட்டியல்ல வராதே."

"அப்ப நான் எந்தப் பட்டியல்லதான் வருவேன்?"

நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

வெளியே நின்ற அண்ணன், "விடு. அம்மாவுக்கும் கண்ணு இப்படித்தானே போச்சு," என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அம்மா சுவரைத் தடவி நடக்கத் தொடங்கியபோது வயது நாற்பத்தெட்டு. இவளுக்கு நாற்பத்தாறு. பஸ்ஸில் இடம் இருந்தும் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் படம் பிடிக்கும் பெண் கதவைத் திறந்தபோது, பம்பரம் நாற்காலியில் உட்கார்ந்து தாங்கியில் மோவாயை வைத்திருந்தாள்.

"என்னக்கா இது?"

"எடு."

"சீட்டு இல்லாம எடுத்தா என் வேலைக்கே உலை வெச்சிடுவாங்கக்கா."

"எழுந்துட்டேன்னா மறுபடி உக்கார எனக்குத் தைரியம் வராது. எடும்மா."

அந்தப் பெண் வராந்தாவை எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். திரையில் படம் வந்ததும் டாக்டரிடம் ஓடினாள்.

"சர்க்கரையால இடது கண்ணுல ரத்தம் கசிஞ்சிருக்கு. வலதுலயும் ஆரம்பிச்சாச்சு," என்றார் டாக்டர். "மூணு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

"வந்தேனே டாக்டர். தினமும் இங்கதான் வந்தேன்."

அவர் பேனாவைத் திறந்தார். அன்றைக்கே சீட்டை அவர் கையாலேயே எழுதினார். லேசர் வைத்தார்கள். வலது கண் தப்பியது. இடது கண்ணுக்கு உருவம் மட்டும்தான் தெரிகிறது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீடு தங்கவில்லை. செங்கல் சூளை, சலவைக்கூடம் என்று தன் ஆட்கள் வேலை செய்யும் இடமெல்லாம் அலைந்து, இரண்டு பட்டியலிலும் இல்லாதவர்களை அதே டாக்டரிடம் இழுத்துவந்தாள். மலையிலிருந்த அண்ணனையும் விடவில்லை; அவன் மூன்று தரம் கூப்பிட்ட பிறகே இறங்கிவந்தான். அவன் உள்ளே இருந்த நேரமெல்லாம் வராந்தாவை அளந்துகொண்டிருந்தாள்.

"வெறும் கண்புரைதான். ஆபரேஷன்ல எடுத்துடலாம்," என்றார் டாக்டர்.

"எப்போ?" என்று அண்ணனுக்கு முந்திக்கொண்டு கேட்டாள்.