கோயிலுக்கென்று கொடுத்த மண்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். கோயில் பெயரைச் சொல்லிக் கொடுத்ததைப் பற்றிப் பின்னால் பேசுவதே பாவம் என்று நினைப்பவன் நான். ஆனாலும் மனசு ஆறவில்லை. முருகன் மன்னிக்கட்டும்.

எழுபதுகளின் கடைசியில் டெல்லியில் மந்திர் மார்க் பக்கம் எங்களுக்குச் சர்க்கார் குவார்ட்டர்ஸ். கீழ்வீடு என்பதால் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. வெளுத்த மண்; கொத்தினால் புழுதி, நனைந்து காய்ந்தால் ஓடு போல இறுகிவிடும். போன புதிதில் விதைத்த கீரை இரண்டு இலைக்கு மேல் வரவில்லை. சாலையில் கூட்டிக் கொளுத்துகிற வேப்பஞ்சருகை, கொளுத்துவதற்கு முன்னால் சாக்கில் அள்ளி வருவேன். பால்காரர் கொட்டகையிலிருந்து சாணம். வெள்ளிக்கிழமைதோறும் முருகன் கோயிலில் கழித்துப்போடும் பூமாலைகள். சாமி கழுத்தில் கிடந்த பூ காலில் படக்கூடாதென்று பாத்திக்குள் நாங்கள் யாரும் கால் வைத்ததே இல்லை. ஓரத்தில் நின்றுதான் களை பிடுங்குவோம். மிதிபடாத மண் பொலபொலவென்று கிடந்தது. பல வருஷத்தில் மேலே ஒரு சாண் கறுத்து, விரலை விட்டால் மண்புழு நெளியும். என் சம்பளத்தில் பிள்ளைகள் தினமும் கீரையும் அவரையும் சாப்பிட்டது அந்த ஒரு சாண் மண்ணால்தான்.

மாடிவீட்டுக்காரர் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். ஒரே ஆபீஸ். பஜனையில் என் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுபவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் லீவில் ஊருக்குக் கிளம்பிய அன்று வந்தார்.

"தம்பி, கோயில்ல நந்தவனம் போடுதாங்க. நம்ம மண்ணு கொஞ்சம் கொடுத்தா முருகனுக்குப் பூ பூக்கும்லா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

திரும்பி வந்தபோது பாத்தி இருந்த இடம் பள்ளம். வெளுத்த அடிமண் தெரியும்வரை வழித்திருந்தார்கள். சாமிக்குத்தானே என்று மனைவியைத் தேற்றிவிட்டு நந்தவனம் பார்க்கப் போனேன். அப்படி ஒன்றுமே இல்லை. அண்ணாச்சியைக் கேட்டதற்கு, வேலை இன்னும் தொடங்கவில்லை, மண் பத்திரமாக இருக்கிறது என்றார். நம்பினேன்.

தீபாவளிக்கு மிட்டாய் டப்பாவோடு ஆபீசில் எல்லோரும் பெரிய அதிகாரியின் பங்களாவுக்குப் போவது வழக்கம். அங்கே ரோஜாப் பாத்தியில் கிடந்தது என் கறுப்பு மண். தோட்டக்காரன் செருப்புக் காலோடு அதன்மேல் நின்று கொத்திக்கொண்டிருந்தான். உங்கள் ஊர்க்காரர் கொடுத்தது, டெல்லியில் இப்படி ஒரு மண்ணைப் பார்த்ததே இல்லை என்று அதிகாரி இந்தியில் மெச்சினார். அண்ணாச்சி பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். கேட்டேவிட்டேன்.

"எங்க கிடந்தா என்ன தம்பி, பூமி பூரா அவனுதுதானே" என்றார்.

காப்பி கொண்டுவந்த என் மனைவி அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "அவனுதுன்னா அவன்கிட்டயே கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி. அவன் பேரைச் சொல்லி எங்ககிட்ட ஏன் கேட்டீய?"

காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். அடுத்த வருஷம் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடிபோனார்.

அந்தக் குளிரில் பள்ளத்தில் விதைத்த வெந்தயக்கீரை மஞ்சளாகவே வந்து கருகியது. மறுபடி சருகு அள்ளினேன். நான் ரிடையராகும்வரை அரைச் சாண்தான் கறுத்தது. மண் அவ்வளவு மெதுவாகத்தான் உண்டாகும். வழித்தெடுக்க ஒரு பகல் போதும். பஜனைக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. ஆனால் வெகுநாள் பாட வாய் வரவில்லை.

இதைப் படித்தவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அவரை இதைவிடக் கெட்டவராக்க வேண்டாம், என்னைப் பெரிய பக்தனாக்கவும் வேண்டாம். நடந்தது இவ்வளவுதான், இப்படியே சொல்லுங்கள்.