பி.டி. சாரோடு போகாத பத்து நாட்கள்

டாக்டர் ஒரு சின்ன நோட்டு வாங்கச் சொன்னார். சிகரெட் பிடிக்கத் தோன்றும்போதெல்லாம் மணியையும், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் அதில் எழுத வேண்டும். "எதுனால தோணுதுன்னு தெரிஞ்சா விடுறது லேசு" என்றார். நான் திருமயம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் வாரம் எல்லா வரியிலும் டீ இருந்தது. டீயை நிறுத்தினேன். தலைவலி வந்ததே தவிர சிகரெட் போகவில்லை. பொறுக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூன்று தடவை டீ குடித்தேன். அன்றைக்கு சிகரெட் ஞாபகமே வரவில்லை. சரி, பஸ்ஸாக இருக்குமோ என்று புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாரம் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். அதுவும் இல்லை. சாப்பிட்ட பிறகா, வகுப்பில் கத்திய பிறகா? எதைச் சொன்னாலும் பாதிதான் பொருந்தியது.

"ஒங்களுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்" என்றாள் மனைவி.

அந்தச் சமயத்தில் எங்கள் பி.டி. சார் தங்கை மகள் கல்யாணத்துக்காக நான்கு நாள் லீவு போட்டார். நான்கு நாளும் நோட்டில் ஒரு வரி இல்லை. ஐந்தாம் நாள் மதியம் அவருடைய பைக் சத்தம் கேட்டதும் என் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. பிள்ளைகள் கண்ணில் படக்கூடாதென்று பன்னிரண்டு வருஷமாக அந்த பைக்கில்தான் இருவரும் ஹைவே ஓரத்து டீக்கடைக்குப் போய்ப் பிடித்துவிட்டு வருவோம். நோட்டைத் திறந்தேன். ஒரு மனிதரை அதில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூடிவிட்டேன்.

அவரோடு போவதைத் தவிர்த்தேன். பேப்பர் திருத்த வேண்டும் என்றேன், பல்வலி என்றேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்.

"சார், எம்மேல எதும் வருத்தமா? கல்யாணத்துக்கு ஒழுங்காக் கூப்புடலயோன்னு வீட்ல கேக்குறாங்க."

விஷயத்தைச் சொல்லி நோட்டை நீட்டினேன். கடைசிப் பக்கம் வரை பார்த்தார். சிரிக்கவில்லை.

"அப்ப நான்தான் காரணமா?"

"தெரியல சார். நீங்களா, பைக்கா, அந்தக் கடையான்னு எனக்குப் பிரிக்கத் தெரியல."

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, வாங்க. அங்கிட்டு வேணாம், இங்கிட்டுப் போவோம்" என்றார்.

பைக்கை பஸ் ஸ்டாண்டு பக்கம் திருப்பினார். ஒரு கடையில் நன்னாரி சர்பத் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் சிகரெட்டை எடுக்கவில்லை. பேச ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் என்னதான் பேசினோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"முட்டி வலிக்குது சார்" என்றார் திடீரென்று. "பசங்களோட ஓட முடியல. ஹெச்.எம்.ட்ட இன்னும் சொல்லல."

எனக்கு இதுவரை தெரியாது.

நான் சிகரெட்டை விட்டு எட்டு மாதம் ஆகிறது. அவர் இன்னும் பிடிக்கிறார், ஆனால் என் முன்னால் இல்லை. நான் இடையில் இரண்டு தடவை தவறினேன். இரண்டு தடவையும் அவர் பக்கத்தில் இல்லை. அது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.