மாதா படத்துக்குப் பின்னால் எரிந்த விளக்கு

நாற்பது தாண்டினால் ஆண்களுக்குச் சர்க்கரை வரும், கொழுப்பு வரும். என் கணவருக்கு சைலன்சர் ஆசை வந்தது.

ஏழு வருடமாக ஒரு முனகலும் இல்லாமல் ஓடிய கார். வாரத்தில் ஆறு நாள் அதை ஓட்டுகிறவள் நான், கொல்லயிலில் இருந்து நெய்யாற்றின்கரை ஆபீசுக்கு. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஓட்டுவதோடு சரி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் ஏதோ ஒரு வொர்க்ஷாப்பில் பழைய சைலன்சரையும் அதற்கு முன்னால் புகையை வடிகட்டுகிற பாகத்தையும் கழற்றிவிட்டு, பளபளவென்று ஒரு குழாயை மாட்டிக்கொண்டு வந்தார். முற்றத்தில் நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதித்தார். சளி பிடித்த எருமை செருமுவது போல இருந்தது.

"சவுண்டு எப்படி உண்டு?"

"பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சொல்லுவாங்க," என்றேன்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்குப் புத்தி எப்போதும் இரண்டு பக்கமும் வேலை செய்யும். எது எந்தப் பக்கம் எளிதோ அதை அந்தப் பக்கம் போய்ச் செய்வோம். இந்தப் பக்கம் சத்தமான சைலன்சரைப் பிடித்தால் அபராதம். அதற்கும் இவர் வழி வைத்திருந்தார். அமரவிளையில் வண்டிச் சோதனை என்று வாட்சப் குரூப்பில் செய்தி வந்தால் போதும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புரையில் சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய சைலன்சர் வெளியே வரும். அவரே காருக்கு அடியில் புகுந்து மாட்டுவார். சோதனைக்காரர்கள் போனதும் மறுபடி கழற்றிப் புதுக் குழாயை மாட்டுவார். மூன்று மாதத்தில் ஐந்து தடவை இந்தக் கூத்து நடந்தது. ஒவ்வொரு தடவையும் குழாய்கள் சேரும் இடத்தில் புகை கசியாமல் வைக்கிற கேஸ்கெட் மட்டும் அதே பழைய கேஸ்கெட்தான். "இது இன்னும் பத்து தடவைக்கு உண்டு. நமக்குத் தெரியாத வேலையா?" என்பார். அவருக்கு வீட்டில் பல்பு மாற்றத் தெரியாது.

இரண்டாம் வாரமே ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. கேட்டேன்.

"அது சென்சாராக்கும். புதுக் குழாய் அதுக்குப் புரியல்ல. நீ பேடிக்காத."

நான் பயப்படவில்லை, எரிச்சல்தான் பட்டேன். அதற்கும் மருந்து வைத்திருந்தார். திருநாள் கடையில் வாங்கிய கட்டைவிரல் அளவு மாதா ஸ்டிக்கரை விளக்கின் மேல் ஒட்டினார். ராத்திரி வீடு திரும்பும்போது மாதாவைச் சுற்றி மஞ்சள் ஒளி தெரியும். அதைப் பார்த்து அவர் பக்தியோடு சந்தோஷப்பட்டார். இப்படி ஒரு மனிதனோடு குடும்பம் நடத்துகிறேனே என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிறகு நடுக்கம் ஆரம்பித்தது. வேகம் அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங்கும் சீட்டும் அதிரும். டயர் என்றார், ரோடு என்றார், கடைசியில் நான் கிளட்ச் மிதிக்கிற விதம் என்றார்.

இதே காலத்தில் என் மாமியாருக்கு முழங்கால் மூட்டு மாற்றியிருந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிசியோதெரபிக்கு, ஆபீஸ் போகிற வழியில், நான்தான் கொண்டுபோய் விடுவேன். முன் சீட்டில் இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் "மெதுவா, மெதுவா" என்பார் என்று பின்னால் உட்கார வைத்தேன். மூன்றாவது நாளே தொடங்கிவிட்டார்.

"தலை சுத்துது மக்களே. ஓங்கரிச்சுட்டு வருது."

மகன் ஓட்டினால் இவருக்குத் தலை சுற்றாது என்று நினைத்துக்கொண்டேன். மருமகள் ஓட்டுவது பிடிக்கவில்லை, அதற்கு நாடகம். கண்ணாடியை இறக்குவார். தூசி வருது, ஏற்றுங்க மாமி என்பேன். ஏற்றிவிடுவார். ஒரு நாள் வழியில் நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் வாந்தி எடுத்தார். அன்று ஆபீசில் தோழியிடம் அதை நடித்துக் காட்டிச் சிரித்தேன். எனக்கும் அந்த நாட்களில் தலைவலி உண்டு. அதற்கும் மாமியாரே காரணம் என்று வைத்திருந்தேன்.

நடுக்கம் பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை, கணவரிடம் சொல்லாமல், அமரவிளைப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் காரை விட்டேன். அதிகம் பேசாத மனிதர். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து, கசக்காமல் மேசையில் வைத்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காரைத் தூக்கி டார்ச் அடித்தார்.

"குழாயைத் தொங்கவிடுற ரப்பர் நாலு வேணும். ரெண்டுதான் உண்டு. அதாக்கும் இந்த ஆட்டம்."

சரி, இனி வீட்டுக்குப் போய் ஒரு பிடி பிடிக்கலாம் என்று மனதுக்குள் வசனம் தயாரித்தேன். அவர் டார்ச்சை இன்னும் கொஞ்சம் தள்ளி அடித்தார். கேஸ்கெட் ஒரு பக்கம் அரித்துப் போயிருந்தது. அதற்கு நேர் மேலே காரின் அடித்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. அதன் நடுவில், ரப்பர் மூடி கழன்று விழுந்துபோன ஒரு சின்ன ஓட்டை.

"பின் சீட்டில ஆராவது இருப்பாங்களா?"

"மாமியார்," என்றேன்.

"கண்ணாடி திறந்தா, அடைச்சா?"

நான் பின் கதவின் கண்ணாடியைப் பார்த்தேன். மேலே வரை ஏற்றியிருந்தது.

அன்றே புரையில் கிடந்த பழைய சைலன்சரையும் புகை வடிகட்டுகிற பாகத்தையும் எடுத்து வந்து புதுக் கேஸ்கெட்டோடு மாட்டி, ஓட்டையையும் அடைத்தோம். மஞ்சள் விளக்கு அணைந்தது. வீட்டில் கணவரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். தயாரித்த வசனம் ஒன்றையும் வீணாக்கவில்லை. அவர் தலை குனிந்து நின்றார். எல்லாம் கொட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கேஸ்கெட்டை மாற்றாதது அவர். கண்ணாடியை ஏற்றச் சொன்னது நான்.

மாமியாரிடம் போய், வண்டிக்குள் புகை வந்திருக்கிறது, அதனால்தான் தலைசுற்றல் என்றேன். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடியா மக்களே? நான் எனக்க வயசாக்கும்னு நெனச்சேன்," என்றார். மறுபடி தைலத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை முன் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் பழக்கத்தில் பின் கதவுக்குப் போய், காலை மெல்லத் தூக்கி ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி அதிரவில்லை, விளக்கு எரியவில்லை. அமரவிளை ஜங்ஷன் தாண்டியதும் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிய கொஞ்சம் இறக்கட்டா மக்களே?" என்று கேட்டார்.