இரண்டு சைக்கிளும் ஒரு காதுகுத்தும்

என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். காரணம் ஒரு சைக்கிள் சங்கிலி.

கல்யாணம் வேப்பம்பட்டில், எங்கள் வீட்டில். மாப்பிள்ளை மண்ணூர்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். அழைத்துவரச் சொல்லிவைத்த குதிரைவண்டி வரவில்லை. குதிரைக்கு வயிறு சரியில்லையாம். அண்ணன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையில் இருந்ததிலேயே நல்ல சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், மாலை போட்டிருந்த மாப்பிள்ளையைக் கேரியரில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் பட்டுவேட்டி சங்கிலியில் மாட்டிக் கிழிந்துபோனது. சங்கிலிக்கு மூடி இல்லாத சைக்கிளில் மாப்பிள்ளையை ஏற்றுகிறவன் ஒரு மனுஷனா என்று இவர் கேட்டார். கேரியரில் ஒழுங்காக உட்காரத் தெரியாதவருக்குக் கல்யாணம் எதற்கு என்று அவர் கேட்டார். அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

இவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சைக்கிள் பாகங்கள் செய்கிற பாக்டரியில் வேலை. செய்கிறவனுக்குத்தான் சைக்கிளைப் பற்றித் தெரியும் என்பது இவர் கட்சி. பஞ்சர் ஒட்டுகிறவனுக்குத்தான் தெரியும் என்பது அண்ணன் கட்சி. இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் நான்தான் நடுவில் பேச வேண்டும். "அந்தாளுக்கு இன்னும் சோறு வோணுமான்னு கேளு" என்று இவர் சொன்னால், "அண்ணே, இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கணுமாம்" என்று நான் மாற்றிச் சொல்வேன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது, கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் ஒருவர் வாயிலிருந்து வந்ததைக் காரம் குறைத்து இன்னொருவர் காதில் போடுகிற வேலை என்னைப்போல யாருக்கும் வராது. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

பெரியவள் பிறந்து பதினோராம் மாசம் காதுகுத்து வைத்தோம். இவர் வீட்டுக் குலதெய்வம் ஊத்துக்கோட்டை தாண்டி, நாகலாபுரம் பக்கத்துக் காட்டில், ஒரு சின்ன மலைமேல் இருக்கிற அம்மன். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமியாருக்கு மூட்டுவலி, வரமுடியாது. வரமுடியாதவர் வாயைச் சும்மா வைத்திருக்கலாம் இல்லையா?

"உங்கண்ணன் எங்க வரப்போறான்? இன்னாத்துக்கு மடி? ஏதாச்சும் கல்லு மேல உக்கார வச்சிக் குத்திகினு வாங்க."

என் பிறந்த வீட்டைப் பார்த்து ஒருத்தி இப்படிச் சொல்லிவிட்ட பிறகு நான் விடுவேனா? அன்றைக்கே வேப்பம்பட்டுக்குப் போனேன். அண்ணன் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் மருமவளுக்கு நான் வருவேன்மே. அந்தாளோட மட்டும் பேசமாட்டேன்."

"பேசவே வேணாண்ணே. உக்காந்தா போதும்."

புதன்கிழமை நாள் பார்த்தோம். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம், அதற்குள் குத்திவிட வேண்டும். பூந்தமல்லியிலிருந்து ஒரு பத்தர் வந்தார், காது குத்துவதில் கைராசிக்காரர், கனத்த உடம்பு. ஊத்துக்கோட்டை வரை பஸ். சைக்கிள்கள் இரண்டும் பஸ் கூரைமேல் வந்தன. அங்கே இறக்கி, அண்ணன் கேரியரில் பத்தர் ஏறினார். இவர் கேரியரில் நான், என் மடியில் பழம்புடவைத் தூளியில் குழந்தை.

நாகலாபுரம் ரோட்டை விட்டுக் காட்டுப்பக்கம் திரும்பியதும் தார் முடிந்து சரளைக்கல் வந்தது. அந்த வழியைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. மாட்டுவண்டி போய்ப்போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் முதுகுபோல மேடு. பள்ளத்தில் போனால் மணலில் சக்கரம் புதையும். மேட்டில் போனால் கல் உருளும். கூழாங்கல் அளவில் தொடங்கி, போகப்போக எலுமிச்சங்காய், அப்புறம் தேங்காய். ஒவ்வொரு கல்லும் டயரிலிருந்து கேரியருக்கும் கேரியரிலிருந்து என் இடுப்புக்கும் வந்துதான் ஓய்ந்தது. குழந்தை மட்டும் சிரித்துக்கொண்டே வந்தாள். இரண்டு பக்கமும் உசிலையும் காரைமுள்ளும் ஈச்சம்புதரும். முள் புடவையை இழுக்கும், நான் திரும்ப இழுத்துக்கொள்வேன். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். இறக்கம் வந்தால் பத்தர் கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் இடுப்பைக் கட்டிக்கொள்வார்.

"நைனா, மெதுவா போப்பா! இந்தக் காட்டுல கரடி கீதுன்றாங்க!"

"கரடி உன்னைப் பார்த்துச்சின்னா அதுதான் பத்தரே ஓடும்" என்றார் அண்ணன்.

இவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு. முதுகு குலுங்கியதால் எனக்குத் தெரிந்தது. ஆனால் வெளியே காட்டவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு புளியமரம். அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது. இவர் சின்ன வயசில் அப்பா தோள்மேல் உட்கார்ந்து வந்தவர், வலதுபக்கம் என்றார். அண்ணன் ஒருமுறை கூட்டாளிகளோடு இந்தப் பக்கம் வந்தவர், இடதுபக்கம் என்றார். இரண்டும் என் வழியாகத்தான்.

"அவருக்கு வழி தெரியாதுன்னு சொல்லு."

"அண்ணே, வலதுபக்கமா போலாமான்னு கேக்கறாரு."

"தோள்மேல குந்திகினு வந்தவருக்கு இன்னா தெரியும்னு கேளுமே."

"அண்ணன் இடதுபக்கம் நல்லாக் கீதுன்றாரு."

காரம் குறைத்தும் பலிக்கவில்லை. இவர் வலதுபக்கம் மிதித்தார், அண்ணன் இடதுபக்கம் மிதித்தார். குழந்தை என்னிடம், காது குத்துகிறவரும் மடியும் அண்ணன் பக்கம். எப்படியும் மேலே சேர்ந்துவிடுவோம் என்று நினைத்தேன்.

மலையைச் சுற்றிச் சுற்றிப் போனோம். மேலே ஏறுகிற படி எதுவும் கண்ணில் படவில்லை. ஓடைக்கல்லில் தள்ளி, மணலில் தள்ளி, மலையின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது எதிரே ஒரு சைக்கிள் வந்தது. அண்ணன்! பின்னால் பத்தர், முகமெல்லாம் செம்மண்.

இவர் முகம் மலர்ந்ததே பாருங்கள்! "தோ, வழி தப்பித் திரும்பி வராரு பார் உங்கண்ணன்."

அதே நேரத்தில் அங்கேயிருந்து அண்ணன் குரல். "இன்னாமே, வழி தெரியாங்காட்டி திரும்பி வராரா உன் ஊட்டுக்காரரு?"

நான் இரண்டையும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை, இரண்டு பேர் காதிலும் நன்றாகவே விழுந்தது. அடுத்தவர் தோற்றுப்போய்த் திரும்புகிறார் என்கிற சந்தோஷத்தில் இரண்டு பேரும் அழுத்தி மிதித்தார்கள். இவர் அண்ணன் வந்த வழியில், அண்ணன் இவர் வந்த வழியில். "நில்லுங்க, நில்லுங்க" என்று நான் கத்தினேன். பத்தரும் கத்தினார். சைக்கிள் ஓட்டுகிறவர் காதில் கேரியரில் இருப்பவர் சத்தம் என்றைக்கு விழுந்திருக்கிறது?

மலையை முழுசாகச் சுற்றிக்கொண்டு இரண்டு சைக்கிளும் மறுபடி அதே புளியமரத்தடியில் வந்து முட்டாத குறையாக நின்றன. இரண்டு வழியும் ஒரே வழிதான், மலைக்கு ஒட்டியாணம்போல. கோயிலுக்கு ஏறுகிற படியை இரண்டு பேருமே தாண்டி வந்திருக்கிறார்கள். இது புரிந்ததும் இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. தோற்றது யார் என்று சொல்லமுடியாத தோல்வி, அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

"மணி இன்னான்னு கேளுமே" என்றார் அண்ணன். இவர் கையில்தான் கடிகாரம்.

"பன்னெண்டு ஆவப்போவுதுன்னு சொல்லு. அவராலதான் இம்மாம் நேரம்னும் சொல்லு."

அண்ணன் சைக்கிளைப் பஸ் வருகிற ரோட்டுப்பக்கம் திருப்பிவிட்டார். "நான் ஊட்டுக்குப் போறேன். வேற எவன் மடியிலயாவது வச்சிக் குத்திக்கோங்க. பத்தரே, ஏறுங்க."

மாமியார் சொன்ன கல் என் கண்முன்னால் வந்து நின்றது. அண்ணன் இப்படியே போனால் என் மகளுக்கு மாமனும் இல்லை, எனக்குப் பிறந்தவீடும் இல்லை. நான் குழந்தையோடு கேரியரிலிருந்து குதித்தேன். அண்ணன் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"தாராளமாப் போண்ணே. மடிய மட்டும் உட்டுட்டுப் போ."

பத்தர் சிரித்தார் பாருங்கள், கேரியரோடு சாய்ந்துவிட்டார். அண்ணன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், மூக்கு விடைத்தது. பிறகு ஸ்டாண்டைப் போட்டுவிட்டுச் சரளைக்கல் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கோயில்?" என்றார் இவர்.

"மலை மொத்தமும் அம்மனோடதுதான்பா" என்று பத்தர் கம்பியை எடுத்துவிட்டார். "ராகுகாலத்துக்கு முன்னாடி கைய வைக்கணும். யாராச்சும் தலையப் புடிங்க."

தலையைப் பிடிக்க வேண்டியது இவர்தான். குனிந்து, அண்ணன் முகத்துக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு பிடித்தார். சங்கிலிச் சண்டைக்குப் பிறகு இவ்வளவு கிட்டத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. வலதுகாதில் கம்பி இறங்கியது. குழந்தை போட்ட அலறலில் புளியமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது.

"மச்சான், கைய புடிங்க, கைய!"

"புடிச்சிகினுதான் கீறேன் மாப்ளே, நீங்க தலைய ஆட்டாதீங்க!"

"நான் எங்க ஆட்டறேன்? நீங்கதான் மடிய ஆட்டறீங்க!"

"ரோடு ஆட்டின ஆட்டத்துல காலு நிக்குமா? வலதுபக்கம் போனது நீங்கதானே!"

"நீங்க போன இடதுபக்கத்துல மட்டும் கோயிலு கீதா?"

"படி அங்கதான் எங்கியோ கீது. பத்தரு கரடின்னு கத்தினாரு, நான் தாண்டிட்டேன்!"

பத்தர் இன்னொரு கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "யப்பா, ஒரு காதுதான் ஆயிருக்குது. இன்னொண்ணு கீது."

அதையும் குத்தி முடித்தார். குழந்தை தேம்பித்தேம்பி என் தோளில் சாய்ந்தாள். படி எந்தப் பக்கம் என்று காட்டுகிறேன் வாருங்கள் என்று அண்ணன் எழுந்தார். நான் காட்டுகிறேன், நீங்கள் வாருங்கள் என்று இவரும் எழுந்தார். சைக்கிளைக்கூட எடுக்காமல் இரண்டு பேரும் இடதுபக்க வழியில் நடந்தார்கள். குரல் மட்டும் புதருக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரு வார்த்தையையும் எடுத்துக்கொண்டு போகிற வேலை இல்லை. புளிச்சோற்று மூட்டையைப் பிரித்தேன்.

பத்தருக்குப் பயம். "சத்தம் ஜாஸ்தியாவுதேம்மா. போய் வெலக்கி உட்டுட்டு வாயேன்."

"இருங்க பத்தரே" என்றேன். "இப்பதான் பேசிகினு கீறாங்க. நீங்க சாப்பிடுங்க."