முனிலட்சுமி டீச்சரின் வெறுஞ்சுவர்

முதன்முதலாக அந்த வகுப்பறையைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஜூஜுவாடியில், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தொடக்கப் பள்ளி. அதன் கடைசி அறையில் சிறப்புக் குழந்தைகள் பதினோரு பேர் படிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் வகுப்பென்றால் சுவரெல்லாம் யானையும் குருவியும் சிரிக்க வேண்டாமா? இங்கே மூன்று சுவர்கள் வெறிச்சென்று கிடந்தன. நான்காவது சுவரில், குழந்தையின் கண்ணுக்கு நேராக, நீளமான அட்டை ஒன்றில் ஏழெட்டுப் புகைப்படங்கள். ஓரம் மடங்கி, டேப் பழுப்பேறி, பார்க்கவே பாவமாக இருந்தன. இல்லாதப்பட்ட பிள்ளைகள் என்றால் இவ்வளவுதானா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

நான் முத்துக்குமார். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாகத் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்பது என் மனைவி தங்கமணியின் புகார். எங்கள் ஒரே மகள் சத்யப்ரியாவுக்கு எட்டு வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. இந்தப் பள்ளிக்கு முன் சேர்த்த இரண்டு பள்ளிகளும் எங்களால் முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டன. இதுவும் இல்லையென்றால் பிள்ளை வீட்டோடுதான் என்ற நிலையில்தான் இங்கே வந்து நின்றோம்.

டீச்சர் முனிலட்சுமிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். உத்தனப்பள்ளிப் பக்கத்து ஊர். அப்பா அம்மா தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. பன்னிரண்டாவது முடித்ததும் காருக்கு வயர் கோக்கும் கம்பெனியில் சேர்ந்து ஆறு வருடம் நின்றபடி வேலை பார்த்தவர். அவர் வரிசையில் காது கேளாத பெண்கள் நான்கு பேர் இருந்தார்களாம். சூப்பர்வைசர் கத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோன வேலையை, முனிலட்சுமி படம் வரைந்து ஒரே நாளில் அவர்களுக்குப் புரியவைத்திருக்கிறார். அந்த ருசி விடவில்லை. வேலையை உதறிவிட்டுச் சிறப்புக் கல்வியில் பட்டயம் படித்து, தொகுப்பூதியத்தில் இந்தப் பள்ளிக்கு வந்துவிட்டார்.

நான் சுவரைப் பார்த்த பார்வையை அவர் கவனித்துவிட்டார்.

"படம் கம்மியா கீதேன்னு பாக்கறீங்களா சார்? பத்து நாள் போகட்டும். அப்பறம் சொல்லுங்க."

பத்து நாள் கழித்துப் போனேன். குறை சொல்ல இடம் தேடினேன், கிடைக்கவில்லை. தட்டு வைக்கும் பலகையில் தட்டின் வடிவம், தம்ளர் வைக்கும் இடத்தில் தம்ளரின் வடிவம், செருப்பு விடும் தரையில் சின்னச் சின்னப் பாதங்கள் என்று கறுப்பு மையில் வரைந்திருந்தார். எங்கள் கம்பெனியில் ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஸ்பேனரின் உருவத்தை வரைந்து வைப்போமே, அதே வேலை. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தட்டைக் கழுவி அதனதன் உருவத்தின்மேல் வைத்தார்கள். அந்த அட்டையில் இருந்த படங்களும் சும்மா படங்கள் அல்ல. கழிப்பறை என்றால் இந்தப் பள்ளியின் நீலக் கதவு. தண்ணீர் என்றால் இந்த அறை மூலையில் இருக்கும் மூடி உடைந்த குடம். காலையிலிருந்து மாலை வரை என்னென்ன நடக்கும் என்பது அந்த அட்டையில் வரிசையாக இருந்தது. ஒன்று முடிந்தால் அந்தப் படத்தைக் கழற்றிக் கீழே உள்ள பையில் போட வேண்டும்.

அந்த அறையில் தெலுங்கு வீட்டுப் பிள்ளை உண்டு, கன்னட வீட்டுப் பிள்ளை உண்டு, ஒடிசாவிலிருந்து வந்த ஒருவரின் பிள்ளைகள் இரண்டு பேர் உண்டு. தண்ணீருக்கு அங்கே நாலு பெயர். டீச்சருக்கு நாலும் தெரியும், ஆனாலும் குடத்தின் படத்தைத்தான் காட்டுவார்.

நான்காவது மாதம் ஒருநாள், ஷிஃப்டில் இருந்தபோது போன் வந்தது. "சார், சத்யா பாப்பா நீலக் கதவுப் படத்த எடுத்துக்கினு வந்து எங்கையில குடுத்துச்சு. நான் கூட்டிக்கினு போனேன். அவ்ளோதான். சொல்லணும்னு தோணுச்சு." அதுவரை என் மகள் தனக்கு எது வேண்டுமென்று யாரிடமும் கேட்டதில்லை. கம்பெனிக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. டீச்சருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று துடித்தேன். எங்கள் மனிதவள மேலாளர் பிரதாப்பைப் பிடித்து, கம்பெனி சார்பில் அந்த வகுப்பறையை அலங்கரிக்க அனுமதி வாங்கினேன். தலைமையாசிரியர் ஆனந்தராஜுக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் கிருஷ்ணகிரியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறார், வகுப்பும் இருக்காது, அப்போது முடித்துவிடலாம் என்றார். அவருக்குச் சொல்ல வேண்டாம், வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று சொன்னவன் நான்தான்.

பெயின்டர்களோடு கம்பெனியிலிருந்து எட்டுப் பேர் வந்தோம். எங்களுக்கு எந்த இடத்தில் கைவைத்தாலும் முதல் வேலை ஒன்று உண்டு. தேவையானது, தேவையில்லாதது என்று பிரிப்போம். தேவையில்லாததற்குச் சிவப்புச் சீட்டு கட்டி ஒதுக்குவோம். கை அதற்கே பழகிப்போயிருந்தது. கிழிந்த அட்டை, பழுப்பேறிய டேப், மூடி உடைந்த குடம், கறுப்புக் கோடு போட்ட பலகை எல்லாவற்றிலும் சிவப்புச் சீட்டு தொங்கியது. எல்லாம் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறிப் போனது. அந்த அட்டையைச் சுவரிலிருந்து கழற்றியவனும் நானே. அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தவன் அந்த எட்டுப் பேரில் நான் ஒருவன்தான். புதுசாக, பளபளவென்று ஒன்று அச்சடித்துக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

மூன்றே நாளில் நாலு சுவரிலும் காடு முளைத்தது. சிங்கம், மயில், ஒட்டகச்சிவிங்கி, ரயில், வானவில், நாலு மொழியில் எழுத்துகள். கூரையிலிருந்து நட்சத்திரங்கள் தொங்கின. எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

திங்கட்கிழமை திறப்பு விழா. வாசலில் ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல். பிள்ளைகளும் டீச்சரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தார்கள். பிரதாப் ரிப்பனை வெட்ட, எல்லாரும் கைதட்ட, சத்யா உள்ளே நுழைந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு நேராக அந்த அட்டை இருந்த இடத்துக்குப் போனாள். அங்கே இப்போது ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து. அதை நகத்தால் பிறாண்டினாள். பெயின்ட் வந்தது, படம் வரவில்லை. நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்தது. காதைப் பொத்திக்கொண்டு அவள் போட்ட அலறல் இன்னும் எனக்குக் கேட்கிறது. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கழுவி, உடை மாற்றி, மரத்தடியில் உட்காரவைத்தார். பிறகு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"செவப்புச் சீட்டு கட்டினா மூணு நாள் வெச்சிருந்து, யார்துன்னு கேட்டுட்டுத்தான் வெளிய போடுவாங்க. நானும் ஆறு வருசம் கம்பெனில இருந்தவதான் சார். எங்க சாமானுக்கு அதுகூட இல்லியா?"

மறுநாளிலிருந்து சத்யா பள்ளிக்கு வர மறுத்தாள். வண்டி அந்தத் தெருவுக்குள் திரும்பினாலே குதித்து இறங்கி மண்ணில் படுத்துக்கொண்டாள். பக்கத்திலேயே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் தங்கமணி வண்டிச் சாவியை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நீங்க பிள்ளைக்கு நல்லது செஞ்சது போதும். அவ வீட்டோடயே கெடக்கட்டும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. நாலு மாதத்தில் டீச்சர் ஏற்றி வைத்ததை நான் மூன்று நாளில் இறக்கிவிட்டேன். இனி எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

சனிக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். டீச்சர் அறையில் தனியாக இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தரையைக் காட்டினார்.

"பாப்பா ஒக்கார எடத்துல ஒக்காருங்க சார். அது ஒசரத்துக்குக் குனிஞ்சுக்கங்க. கண்ணுக்கு எத்தினி பொருள் தெரியுதுன்னு எண்ணுங்க. உங்க வேலையே அதுதானே?"

எண்ணினேன். சிங்கத்திலிருந்து தொடங்கி எழுத்துகளுக்கு வந்தபோது நூற்று நாற்பது. மேலே நட்சத்திரங்கள் வேறு ஆடிக்கொண்டிருந்தன. எண்ணிக்கை தப்பிப் போய்த் தலை வலித்தது.

"இதுல பாத்ரூம் எங்க கீது?" என்று கேட்டார்.

சுவரை அடித்துவிடப் போகிறேன் என்றார். அதாவது, சாம்பல் கலந்த வெள்ளை பூசி எல்லாவற்றையும் மறைத்துவிடுவது. ஆனந்தராஜ் சார் பதறிப்போனார். இரண்டு வாரத்தில் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். "அதுல கை வெச்சா எங்கழுத்துலதாம்மா வந்து நிக்கும்" என்றார். தொகுப்பூதியத்தில் இருப்பவர் முனிலட்சுமி. தலைமையாசிரியர் எழுதும் ஒரு வரியில் அவர் வேலை ஆட்டம் கண்டுவிடும். அதெல்லாம் தெரிந்தும், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'என் பொறுப்பில் சுவர்களை மாற்றுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். எனக்கு அந்தத் தைரியம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

ஞாயிற்றுக்கிழமை நானும் டீச்சரும் ரோலரோடு இறங்கினோம். வானவில், ரயில், நான் மெச்சிய மயில் எல்லாம் அந்தச் சாம்பல் வெள்ளைக்குள் போயின. அலமாரி மறைவில் நாங்கள் வரைந்திருந்த யானையை மட்டும் டீச்சர் விட்டுவைக்கச் சொன்னார். கந்தன் என்கிற பையன் இந்த ஒரு வாரமாக அதன் தும்பிக்கையைத் தினமும் தடவுகிறானாம். மற்றவர்கள் உட்காரும் இடத்திலிருந்து அது தெரியாது. ஒரு பிள்ளைக்கு வேண்டியதை இன்னொரு பிள்ளைக்கு இடையூறில்லாமல் வைக்கும் அந்தக் கணக்கை எந்தப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

பார்வையிட வந்த நாளில் பிரதாப் வாசலிலேயே நின்றுவிட்டார். "முத்துக்குமார், என்ன இது?" என்று என்னைத்தான் கேட்டார். டீச்சர் முன்னால் வந்தார்.

"சார், உங்க லைன்ல ஆபரேட்டர் முன்னாடி என்ன ஒட்டுவீங்க? அவங்க செய்யற வேலையோட படத்த மட்டும்தானே? பக்கத்துல சிங்கம் புலி ஒட்டினா வயரு மாத்திக் கோத்துட மாட்டாங்களா? எம் பசங்களுக்கு பாத்ரூமுக்கு நடந்து போறதே ஒரு வேலதான் சார்."

பிரதாப் அறையைச் சுற்றிப் பார்த்தார். வந்தவர்களைப் பக்கத்து வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடம் கம்பெனி உதவும் பள்ளிகளின் பட்டியலில் அந்தப் பள்ளி இல்லை.

டீச்சருக்கு வேறு கவலை இருந்தது. நீலக் கதவை, குடிதண்ணீரை, மணியை எல்லாம் பழைய கோணத்திலேயே, அதே காலை வெளிச்சத்திலேயே மறுபடி படம் எடுத்தார். புதுக் குடத்தின் மூடியைக்கூடப் பழையது மாதிரியே உடைத்து வைத்தாராம். பள்ளி விட்டதும் உத்தனப்பள்ளி பஸ் பிடிக்காமல் எங்கள் லைன் வீட்டுக்கு நடந்து வருவார். வாசல்படியில் உட்கார்ந்து, புது அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருப்பார். சத்யாவைக் கூப்பிட மாட்டார். முதல் மூன்று நாள் அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. நாலாம் நாள் பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்பதாம் நாள் நீலக் கதவுப் படத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். டீச்சர் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். மறுநாள் அதே போல் இன்னொன்று பிரதி எடுத்து வந்தார்.

டீச்சர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கி நாலு வாரம் முடிந்த வியாழக்கிழமை, வண்டி அந்தத் தெருவில் திரும்பியபோது சத்யா குதிக்கவில்லை. கையில் நீலக் கதவு இருந்தது. வகுப்பு வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். வெறும் சுவர், ஒரே ஒரு அட்டை. நேராகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

எனக்குத்தான் கால் நகரவில்லை. மறுபடி அலறுவாளோ, எழுந்து ஓடுவாளோ என்று வாசலை அடைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டேன். சத்யா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எழுந்து அட்டைக்குப் போனாள். ஓரத்தில் தனியாக இருந்த ஒரு படத்தைக் கழற்றி எடுத்து வந்து, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி அழுத்தினாள்.

விரித்துப் பார்த்தேன். யூனிஃபார்மோடு கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தேன் நான். அப்படியொரு படம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"ஒங்க வீட்டம்மா எடுத்து அனுப்பினாங்க சார்" என்றார் டீச்சர். "வேலைக்குப் போகச் சொல்லுது பாப்பா. போய்ட்டு வாங்க."

எட்டு வயதில் என் மகள் முதன்முறையாக என்னிடம் பேசினாள். போ என்றாள். தெருமுனை வரை அழுதுகொண்டே போனேன்.